ஓடிச் சேருகிற தூரம்

முதலமைச்சர் காலமாகி ஊரெல்லாம் கடையடைத்த வருஷம் அது. அதே வருஷம்தான் நிலாவில் மனிதன் நடந்தான் என்று ரேடியோவில் சொன்னார்கள். எனக்கு அடையாளம் அவை இரண்டும் இல்லை. அந்த வருஷம் தீபமும் நோன்பும் ஒரே மாசத்தில் வந்தன. மலை உச்சியில் தீபம் ஏற்றுகிற நேரமும் நாங்கள் நோன்பு திறக்கிற நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. தீபத்துக்காகப் பூட்டிய என் கறிக்கடை வாசலில் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். பாங்கு சொல்லி முடிகிறது, பழத்தை வாயில் போடுகிறேன், கொஞ்ச நேரத்தில் எதிரே மலைமேல் நெருப்பு பூக்கிறது, தெருவை அடைத்துக்கொண்டு நின்ற ஜனம் கைகளைத் தூக்கிச் சத்தமிடுகிறது. பழத்தின் இனிப்பும் அந்த வெளிச்சமும் எனக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒன்றை நினைத்தால் மற்றது தானாக வந்துவிடும். அந்தப் பெருநாள் முடிந்த கையோடு எனக்கும் உன் அம்மாவுக்கும் நிக்காஹ். நான் சொல்லப்போகிற காரியம் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு காலையில் நடந்தது, மகனே.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல உன் அக்கா நூர்ஜகான் எழுதுகிறாள். பேசுகிறபடியே எழுதடி என்றால் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர், என் பேச்சையெல்லாம் துவைத்துக் காயப்போட்டு மடித்து வைக்கிறாள். "அத்தா, இவ்ளோ நீளத்துக்கு எதுக்குக் கடுதாசி? போன்ல பேசி அனுப்பிட்டா முடிஞ்சுது" என்றாள். "பேசினா வேலை பாத்துக்கிட்டே கேப்பான். காகிதம்னா உக்காந்து படிப்பான், நீ எழுது" என்றேன்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் வீட்டுக்கு வந்த நேரத்தில் நீ போனில் முகம் காட்டிப் பேசினாய். உனக்குப் பின்னால் ஜன்னலில் வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. நியூசிலாந்தில் பொழுது நமக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. என் பிள்ளை எனக்கு முன்னால் ஒரு நாளைக் கழித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்தேன். உன் பட்டறை முதலாளியின் சிநேகிதர் ஒருவர் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கிறார், அங்கே மான் ஜாஸ்தி, புல்லையெல்லாம் மேய்ந்துவிடுகிறது, சுடச்சொல்லி அவர்களே கூப்பிடுகிறார்கள், அடுத்த மாசம் போகப்போகிறோம் என்றாய். இங்கே இப்போது ஒரு முயலைத் தொட்டாலும் ஜெயில். அங்கே சட்டமே சம்மதிக்கிறது. அப்புறம் கேட்டாய்: "அத்தா, இந்தத் துப்பாக்கில அரை கிலோமீட்டர் தள்ளி நிக்கிற மானைக்கூட ஒரே குண்டுல சாய்ச்சுடலாம். அடிபட்டது அதுக்கே தெரியாது. கறி நமக்கு வேணாம், பண்ணைக்காரரே எடுத்துக்குவாரு. நீங்க சரின்னு சொன்னா போறேன்." நான் பதில் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை என்று நினைத்து வைத்துவிட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அந்தத் துப்பாக்கியின் படத்தை நூர் பெரிதாக்கிக் காட்டினாள். உன் கன்னத்தையும் தோளையும் கழுத்தையும் அளந்து உனக்கென்றே செய்த கட்டை. குழலைக் கடைந்தது உங்கள் பட்டறையில்தான், நீயும் மிஷின் பக்கத்தில் நின்றாய் என்று சொன்னாய். எனக்குக் கண்ணில் பட்டது வேறு. தோட்டாவைத் தள்ளுகிற கைப்பிடி இடது பக்கம் இருந்தது. நீ இடதுகைப் பிள்ளை. சோற்றில் அந்தக் கை போகக்கூடாது என்று ஒரு வெயில் காலம் முழுக்க உன் இடது கையைக் கைக்குட்டையால் முதுகுப் பக்கம் கட்டி உட்காரவைத்தது நான்தான். நீ அழமாட்டாய். வலது கையால் சிந்திச் சிந்திச் சாப்பிட்டுவிட்டு, அவிழ்க்கச் சொல்லி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாய். ஒரு நாள் அவிழ்த்த கையோடு தெருவுக்கு ஓடி, அதே கையால் ஒரு கல்லை எடுத்துப் புளியமரத்து உச்சியில் தொங்கிய ஒற்றைப் பழத்தை அடித்தாய். ஒரே கல். "இந்தக் கையைப் போயா கட்டினீங்க?" என்றாள் உன் அம்மா. இத்தனை வருஷம் கழித்து, கடல் கடந்து, பேர் தெரியாத ஒருவர் உன் இடது கைக்காக உட்கார்ந்து மரம் இழைத்திருக்கிறார். அவருக்கு என் சலாம் சொல்லு. குறி சுடுகிற போட்டியில் அந்தத் துப்பாக்கியோடு நீ குப்புறப் படுத்திருக்கிற படத்தையும் பார்த்தேன். தூங்குகிற மாதிரி இருந்தது உன் முகம். தொட்டிலில் பார்த்த முகம்.

எங்கள் காலத்தில் வேட்டைக்கு நான்கு பேர் போவோம். லைசென்ஸ் இருந்தால் போகலாம், அப்போது தடை இல்லை. துப்பாக்கி சபாபதி முதலாளியுடையது. தேரடிப் பக்கம் கடலை எண்ணெய் மில் வைத்திருந்தார். ஜீப் ஓட்டுகிறவர் உன் அம்மாவின் அண்ணன், உன் காதர் மாமா. மிருகம் எங்கே தண்ணீர் குடிக்கும், எந்தப் பக்கம் காற்று அடிக்கும் என்று சொல்கிறவர் சின்னாண்டி, ஜவ்வாது மலைக்காரர். கத்தி என்னுடையது. நம் மார்க்கத்தில் குண்டு பட்டுச் செத்தது ஆகாது. உயிர் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி அறுக்க வேண்டும். முதலாளிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் ஒரே ஜீப்பில் போய் ஒரே பாறையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மனிதர், எங்களுக்கு ஆகாத கறியைத் தான் மட்டும் வீட்டுக்குத் தூக்கிப்போக மாட்டேன் என்று இருந்தார். அதனால் வெடிச்சத்தம் கேட்டதும் நான் ஓட வேண்டும். அதுதான் என் வேலை. முள்ளோ கல்லோ, கத்தி உறை இடுப்பில் குதிக்கக் குதிக்க, உயிர் கிளம்புகிறதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

முதலாளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. துப்பாக்கியைக் கன்னத்தில் வைத்தபடி, மிருகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெல்லக் கேட்பார்: "பாய், ஓடிடுவியா?" நான் நடுவில் கிடக்கிற பள்ளத்தைப் பார்ப்பேன், புதரைப் பார்ப்பேன், என் காலைக் கேட்டுக்கொண்டு சொல்வேன். "ஓடிடலாம் முதலாளி" என்றால் சுடுவார். "வேணாம் முதலாளி, நடுவுல ஓடை இருக்குது" என்றால் குழலைத் தாழ்த்திவிடுவார். எத்தனை கிளை வைத்த கொம்பானாலும் சரி. உன் மாமாவுக்கு அது பொறுக்காது. "சுடறது முதலாளி, காடு கவர்மெண்டோடது, மானு அல்லாவோடது. வேணுமா வேணாமான்னு சொல்றது மட்டும் கறிக்கடைக்காரனா?" என்று ஸ்டியரிங்கைத் தட்டுவார். சின்னாண்டி சிரிப்பார். அவருக்கு அப்போதே முன்பல் இரண்டு கிடையாது.

அந்த வருஷம் முதலாளிக்குப் புதுத் துப்பாக்கி வந்தது. அவர் மெட்ராஸில் போட்டிகளுக்குப் போய்ச் சுடுகிறவர். அங்கே ஒரு கடையில் சொல்லிவைத்து, தனக்கென்று செய்யச் சொல்லியிருந்தார். கன்னத்தில் செஞ்சாந்து பூசிக்கொண்டு கட்டையில் முகத்தை வைக்கச் சொல்வார்களாம். சாந்து ஒட்டிய இடத்தைக் கொஞ்சம் இழைப்பார்களாம். மறுபடி பூசி, மறுபடி வைத்து, முகம் முழுக்க ஒரே சீராக ஒட்டுகிற வரைக்கும் விடமாட்டார்களாம். மேலே வெளிநாட்டுத் தூரக்கண்ணாடி. குதிரை விசையை இழுக்க விரலில் பலமே வேண்டாம். "நெனச்சா வெடிக்கும் பாய்" என்றார் முதலாளி. மில் மொட்டைமாடியில் தோட்டா போடாமல் பழகுவார். குழலின்மேல் ஒரு காசை வைப்பார், குதிரையை இழுப்பார், காசு அசையாது. உன் மாமா ஒருநாள் ஆசைப்பட்டு வாங்கிக் கன்னத்தில் வைத்தார். எலும்பில் இடித்தது, தூரக்கண்ணாடியில் ஒரே கறுப்பாகத் தெரிந்தது. "இது துப்பாக்கியா இல்ல உங்க மூஞ்சியா முதலாளி? வேற எவனுக்கும் பொருந்தாது போலிருக்கே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தத் துப்பாக்கியோடு முதல் போட்டிக்குப் போனபோது எங்களையும் ஜீப்பில் கூட்டிப்போனார். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் உன் மாமாவும் நின்றோம். வரிசையாகப் படுத்திருந்தார்கள், யாரும் பேசவில்லை. ஆஸ்பத்திரி மாதிரி, பள்ளிவாசல் மாதிரி ஓர் அமைதி. காற்று எப்படி அடிக்கிறது என்று காட்டச் சின்னச் சின்னத் துணிகள் கட்டியிருந்தார்கள், அவை ஆடுவதும் நிற்பதுமாக இருந்தன. எனக்குக் கண் சொக்கியது. முதலாளி எதிரே வைத்த காகிதக் குறியைச் சுட்டார். என் கால் தானாகக் கிளம்பிவிட்டது. உன் மாமா சட்டையைப் பிடித்து இழுத்தார். "எங்கடா ஓடற? காகிதத்தை அறுக்கவா?" பக்கத்தில் நின்ற ஆபீசர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி மெடல் வாங்கினார். திரும்பி வருகிற வழியெல்லாம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தச் சந்தோஷத்தில்தான் உன் மாமாவிடம் சொன்னார்: "உன் தங்கச்சி கல்யாண விருந்துக்கு மான் என் பொறுப்பு." உன் மாமா மறுநாளே கீழ்பென்னாத்தூர் சொந்தக்காரர்கள் வரைக்கும் சொல்லிவிட்டார்.

நிக்காஹுக்கு இரண்டு நாள் இருக்கும்போது போனோம். மாப்பிள்ளை வெளியே போகக்கூடாது என்று என் அம்மா தடுத்தார். கத்திக்காரன் இல்லாமல் மான் எப்படி வரும் என்று உன் மாமா வந்து அழைத்துக்கொண்டு போனார். செங்கம் தாண்டி மலையடிவாரத்தில் ஜீப்பை விட்டுவிட்டு ஏறினோம். மார்கழிப் பனி. மரங்கள் இருந்தன, வேர் இல்லை. வேர்கள் பனிக்குள் இருந்தன. முன்னால் நடக்கிறவரின் முதுகு கரைந்து கரைந்து திரும்ப வந்தது. சின்னாண்டி எங்களுக்கு முன்பே எதிர்ச்சரிவுக்குப் போயிருந்தார், ஒரு பக்கமாக ஒதுங்கி மேலே உட்கார்ந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நாங்கள் இந்தப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தோம். வெயில் வந்து பனி கிழிந்தது. பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மஞ்சள் புல்லில், ஓர் ஆண் புள்ளிமான் நின்றது. என் கண்ணுக்கு அது ஒரு பழுத்த இலை அளவு. அதற்கு மேலே வெகு தூரத்தில், கிழக்கே, நம் ஊர்த் தீபமலை நீலமாக மிதந்தது. அடியில் நிலமே இல்லாத மலை மாதிரி.

முதலாளி படுத்தார். கன்னம் கட்டையில் போய்ச் சேர்ந்த விதத்தைப் பார்த்தால், இரண்டும் ஒரே மரத்தில் செய்தவை என்று தோன்றும். நான் கத்தி உறையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்பதற்காகக் காத்திருந்தேன். நடுவில் ஆழமான பள்ளம், அடியில் ஓடை, அப்புறம் செங்குத்தான ஏற்றம். என் காலைக் கேட்டுவிட்டேன். வேணாம் முதலாளி என்ற வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. அன்று அவர் கேட்கவில்லை. வெடித்தது. மான் இருந்த இடத்திலேயே மடங்கியது, யாரோ வேட்டியை நழுவ விட்ட மாதிரி. முதலாளி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சின்னப் பிள்ளை சிரிக்கிற சிரிப்பு. நான் அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தேன்.

இறக்கத்தில் ஒரு செருப்பு போயிற்று. ஓடையில் வழுக்கி விழுந்தேன், முட்டி கிழிந்தது. எழுந்து தலை தூக்கிப் பார்த்தால் மேலே புல்லில் சின்னாண்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது, கல்லில் குந்திய குருவி மாதிரி. எனக்கு முன்னால் அவர் சேர்ந்துவிட்டார். மானின் காது ஆடுவது போல இருந்தது. காற்றில் புல் ஆடியதாகவும் இருக்கலாம். பின்னாலிருந்து உன் மாமாவின் குரல் பள்ளத்தில் விழுந்து எழுந்து வந்தது: "இருக்கா? இருக்கா?" காலில் முள் ஏறியதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது சின்னாண்டி எழுந்து நின்றார். "போயிடுச்சு பாய்" என்றார். ஒரு புல்லைக் கிள்ளி அதன் கண்ணில் தொட்டுப் பார்த்தேன். இமை அசையவில்லை. கத்தியை உறையில் போட்டுவிட்டு நானும் உட்கார்ந்துவிட்டேன். மானின் வயிறு இன்னும் சூடாக இருந்தது. நம் மலை அங்கேயே மிதந்துகொண்டிருந்தது. கையை மேலே தூக்கி, இல்லை என்று ஆட்டினேன்.

பாறைக்குத் திரும்பி வந்தபோது சண்டை நடந்துகொண்டிருந்தது. "சுட்ட எடத்துலயே விழுந்துச்சு காதர்! இந்த மாதிரி ஒரு குண்டு மெட்ராஸ்ல எவனும் போட்டதில்ல" என்கிறார் முதலாளி. "அதான் முதலாளி கேடு. மாப்பிள்ளையை முள்ளுல ஓடவுட்டு நொண்டி ஆக்கியாச்சு. விருந்துக்கு என்னா போடறது, உங்க மெடலையா?" என்கிறார் உன் மாமா. "மோசமா சுட்டாலும் திட்டறீங்க, நல்லா சுட்டாலும் திட்டறீங்க, நான் என்னதான்யா பண்றது?" என்று முதலாளி அழாக்குறையாக ஜீப்பில் ஏறினார். மான் முழுசாகச் சின்னாண்டியின் மலையூருக்குப் போயிற்று. அங்கே அன்று பெரிய விருந்து. என் நிக்காஹில் நான் விந்தி விந்தி நடந்து வந்ததைப் பார்த்து, மாப்பிள்ளைக்குப் பிறவியிலேயே கால் சரியில்லையாமே என்று பெண் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பியது. விருந்தில் ஆட்டுக்கறிதான். "மான் வருதுன்னாங்க, பாத்தா நொண்டிக்கிட்டு இவரு வந்தாரு" என்று உன் அம்மா சாகிறவரைக்கும் சொல்லிச் சிரித்தாள்.

உன் மாமா மட்டும் சிரிக்கவில்லை. மான் சாகவில்லை, சின்னாண்டிதான் மூக்கைப் பொத்திச் சாகடித்தான், கறி மொத்தமும் தன் ஊருக்குப் போகட்டும் என்று செய்த வேலை அது என்று அவருக்கு ஒரு நினைப்பு விழுந்துவிட்டது. எந்தக் கல்யாணத்தில் பந்தி போட்டாலும் அந்தக் கதையும் இலையில் விழும். நீயே எத்தனை தடவை கேட்டிருக்கிறாய். முதலாளிக்கு வேறு கதை. வேட்டைக்குத் தடை வந்த பிறகு அவர் காட்டுப் பக்கமே போகவில்லை. கண் மங்குகிறவரைக்கும் காகிதம் சுட்டுக்கொண்டிருந்தார். அந்த மானைப் பற்றி யார் கேட்டாலும் முகம் மலர்ந்து சொல்வார்: "அடிபட்டது அதுக்கே தெரியாது." போன வெள்ளிக்கிழமை நீ சொன்னதும் அதே வார்த்தைதான், மகனே. எழுத்து மாறாமல். அதனால்தான் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆமாம் என்று உனக்குச் சொல்லவேண்டுமானால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். ஓடையிலிருந்து நான் பார்த்தபோது காது ஆடியதா, புல் ஆடியதா என்று ஒருநாளும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினேன். "எண்பது வயசு தாண்டியாச்சு, இப்ப எதுக்கு மலை?" என்று திட்டிக்கொண்டே நூரும் லீவு போட்டுவிட்டு வந்தாள். வளைவுகளில் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். பாதி வழியில் நான்தான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன். சின்னாண்டி வீட்டு வாசலில் சாமை காய்ந்துகொண்டிருந்தது. கோழி வராமல் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பல் ஒன்றுகூட இல்லை. கண்ணில் புரை விழுந்திருந்தது. என் குரலைக் கேட்டதும், "பாயா? செருப்பு கெடச்சுதா?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கொஞ்ச நேரம் மழை, பேரப்பிள்ளைகள், கண் ஆபரேஷன் என்று பேசினோம். அப்புறம் அவரே கேட்டார். "காதரு பூட்டாராமே. கடைசிவரிக்கும் நான் மூக்கைப் பொத்தினேன்னே சொன்னாரா?"

"ஆமா."

"பொத்தல பாய்."

"தெரியும். நீ அப்படிப்பட்ட ஆளு இல்ல."

"ஆனா உசுரு இருந்துச்சு" என்றார்.

நூர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். நான் அவர் கையைப் பிடித்தேன். "இருந்துச்சுன்னா ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே சின்னாண்டி. இன்னும் வேகமா வந்திருப்பேனே?"

"நீ அப்ப ஓடைல விழுந்து கெடந்த. எப்படியும் வந்து சேந்திருக்க மாட்ட. கத்தினா அது பயப்படும். அதான் கத்தல." சாமையின் பக்கம் குச்சியை ஒரு தடவை ஆட்டினார், அங்கே கோழி இல்லை. "அது மொதல்ல விழுந்துச்சு பாய், அப்பறம்தான் வெடி கேட்டுச்சு. ஒண்ணுமே இல்லாம, சும்மா நிக்கறது, விழுது. நான் எறங்கிப் போயி பக்கத்துல உக்காந்தேன். எழுந்திரிக்கப் பாக்குது, முன்னங்கால் மட்டும்தான் கேக்குது. அப்பறம் அதை வுட்டுடுச்சு. தலையத் திருப்பி என்னியவே பாத்துது. நீங்க அத்தினி பேரும் அந்தாண்ட இருக்கீங்க, அதுக்கு எப்படித் தெரியும்? எதுருல இருக்கறது நான் ஒருத்தன்தான். நான்தான் பண்ணேன்னு நெனச்சுதோ என்னாவோ. நான் இல்ல சாமி, நான் இல்ல சாமின்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். உன் தல மேல தெரியறவரிக்கும் பாத்துது. அப்பறம் போச்சு."

"மொதலாளி கிட்ட ஏன் சொல்லல?"

"அவரு சிரிச்சுக்கிட்டு நின்னாரே பாய்" என்றார். "நல்ல மனுசன். எதுக்கு?"

அதற்குப் பிறகு அவர் வீட்டில் கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள், குடித்தோம். திரும்பி வருகிற பஸ்ஸில் நூர் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். செங்கம் வந்த பிறகு நம் மலை தெரிந்தது. சாயங்கால வெயிலில், அடியில் நிலம் இருக்கிற மலையாக, பக்கத்தில் வந்து நின்றது.

போகாதே என்று உனக்கு நான் சொல்லமாட்டேன். உன் துப்பாக்கியில் குறை இல்லை, உன் கையிலும் குறை இல்லை. முதலாளியின் துப்பாக்கியிலும் குறை இருக்கவில்லை. காகிதத்தை எத்தனை தூரத்திலிருந்து வேண்டுமானாலும் அடி. நீ மெடல் வாங்கினால் தெருவெல்லாம் மிட்டாய் கொடுப்பேன். மானுக்கு முன்னால் படுத்தால் மட்டும் கண்ணாடியில் தெரிகிற தூரத்தை நம்பாதே. அந்தக் கண்ணாடி மானைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டும். உன்னை மானிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது. விழுந்ததைக் காட்டும், விழுந்த பிறகு அது யாரைப் பார்க்கிறது என்று காட்டாது. கன்னத்தைக் கட்டையில் வைத்த பிறகு உன் காலை ஒரு தடவை கேள். உயிர் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, அதன் எதிரே நின்று, நான்தான் என்று சொல்லக்கூடிய தூரமாக இருந்தால் சுடு. இல்லையென்றால் குழலைத் தாழ்த்து. கறி யாருக்குப் போனால் என்ன, இது கறிக்கான சட்டம் மட்டும் இல்லை என்று எனக்கு இந்த வயதில், இந்தத் திங்கட்கிழமைதான் விளங்கியது. கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். இடது கையைக் கட்டியபோதே அழாதவன் நீ, இதற்கெல்லாம் கலங்கமாட்டாய்.

இதை என் சொல்லாக எடுத்துக்கொள்ளாதே. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் பார்த்தது வெறும் கண், பார்வை இல்லை. முதலாளி தெரியாமலே போய்விட்டார். உன் மாமா தப்பாக நம்பிக்கொண்டே போய்விட்டார். சிரித்துக்கொண்டிருந்த உன் அம்மாவும் போய்விட்டாள். அடுத்த மாசம் அங்கே புல்லில் படுப்பதற்கு முன்னால் உனக்குச் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடாதே. நூரின் போனில் அந்த வீட்டு நம்பர் இருக்கிறது, பேரன் எடுப்பான், பெரியவரிடம் கொடுக்கச் சொல். காது நன்றாகக் கேட்கிறது அவருக்கு. அந்த மான் கடைசியாகப் பார்த்தது ஒரே ஒரு மனிதரை, அவர் இன்னும் இருக்கிறார்: சின்னாண்டி.